படிப்பு நிஜம், பதிவுதான் இல்லை: தம்பியின் கம்ப்யூட்டர் சயின்ஸ் டிகிரிக்கு நாங்கள் கட்டிய பணம்

போன வாரம் பீலிக்கான் அம்மன் கோவிலில் தம்பியைக் கல்லூரியில் சேர்த்துவிட்ட அந்த ஆளை மறுபடி பார்த்தேன். அதே சிரிப்பு, அதே தோல் பை, கையில் மட்டும் புது நோட்டீஸ். இந்த முறை வேறொரு கல்லூரியின் பெயர். மெட்ரிக் (இங்கே பள்ளி இறுதித் தேர்வு) முடித்த பையன் ஒருவனையும் அவன் அம்மாவையும் செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்துப் பேசிக்கொண்டிருந்தார். அதனால்தான் இதை எழுதுகிறேன். இல்லாவிட்டால் எங்கள் வீட்டு ஏமாளித்தனத்தை ஊருக்குச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டிருப்பேன்.

நான் ரங்கூன் பயின்னாவுங் சந்தையில் ஒரு பருப்பு ஏற்றுமதிக் கடையில் கணக்கும் கப்பல் காகிதமும் பார்க்கிறவள். எங்கள் உளுந்தும் துவரையும் இந்தியாவுக்குப் போகின்றன. ஒவ்வொரு கன்டெய்னருக்கும் தரச் சான்றிதழ், ஃபைட்டோ சான்றிதழ் (பூச்சியும் நோயும் இல்லை என்பதற்கு), மருந்துப் புகை போட்டதற்குச் சான்றிதழ் என்று ஒரு கட்டு இருக்கும். சான்றிதழ் அசலாக இருந்தால் மட்டும் போதாது, அதில் இருக்கிற கன்டெய்னர் எண்ணும் நம் சரக்கின் எண்ணும் ஒத்துப்போக வேண்டும். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். இதே வேலையைப் பன்னிரண்டு வருடமாகச் செய்கிற என்னைத்தான் இரண்டு வருடம் ஏமாற்றினார்கள்.

2023-ல் தம்பி மெட்ரிக் தேறினான். கணக்கில் நல்ல மார்க். கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றான். ஷ்வேபீத்தாவில் அரசு கம்ப்யூட்டர் பல்கலைக்கழகம் இருக்கிறது. விண்ணப்பித்திருந்தால் கிடைத்திருக்குமோ என்னவோ, நாங்கள் போடவே இல்லை. கொரோனாவிலும் அதற்குப் பிறகும் பல்கலைக்கழகங்கள் மூடியதும் திறந்ததும் எல்லோருக்கும் நினைவிருக்கும். அப்புறம், பிரிட்டிஷ் டிகிரி என்றால் வெளிநாடு போக வசதி என்ற ஆசை. 18 வயதுப் பையன் இருக்கிற வீட்டில், அதுவும் கட்டாய ராணுவச் சேவை அறிவிப்பு வந்த 2024 பிப்ரவரிக்குப் பிறகு, ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் என்ன பேசியிருப்போம் என்று ரங்கூன்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பயம் அந்த ஆளுக்கும் நன்றாகத் தெரிந்திருந்தது.

அவரை அம்மாவுக்குக் கோவிலில் வைத்துப் பழக்கம். நல்ல தமிழில் பேசுவார். "அம்மா, அவன் என் தம்பி மாதிரி, நான் பார்த்துக்கிறேன்" என்றார். வீட்டுக்கே வந்தார், பால் டீ குடித்தார், மடிக்கணினியைத் திறந்தார். இங்கிலாந்தில் ஒரு பி.எஸ்சி. ஆனர்ஸ் என்பது 360 கிரெடிட். வருடத்துக்கு 120 வீதம் லெவல் 4, லெவல் 5, லெவல் 6 என்று மூன்று படி. முதல் இரண்டையும் ரங்கூனிலேயே டிப்ளமோவாக முடித்துவிட்டு, கடைசி வருடத்தை மட்டும் ஒரு பிரிட்டிஷ் பல்கலைக்கழகத்தின் டாப்-அப் படிப்பாகப் படித்தால் டிகிரி கையில். செலவும் குறைவு. சொன்னது அத்தனையும் உண்மை. அந்த முறை இருக்கிறது, அதில் படித்து நல்ல வேலையில் இருப்பவர்கள் எங்கள் சொந்தத்திலேயே இருக்கிறார்கள்.

அடுத்து ஆஃப்குவால் பதிவேட்டைக் காட்டினார். இங்கிலாந்தில் டிப்ளமோக்களையும் தேர்வுகளையும் கண்காணிக்கும் அரசு அமைப்பு அது. அதன் இணையப் பதிவேட்டில் படிப்பின் பெயரும் எண்ணும் இருந்தன, லெவல் 5 என்றும் போட்டிருந்தது, சான்றிதழ் கொடுக்கும் தேர்வு வாரியத்தின் பெயரும் இருந்தது. நான் எண்ணைக்கூட நோட்டீஸோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒத்துப்போனது. திருப்தி.

இப்போது யோசித்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. அந்தப் பதிவேட்டில் வாரியமும் படிப்பும்தான் இருக்கும். ரங்கூனில் எந்த மாடியில் எந்தக் கல்லூரி அதை நடத்த அனுமதி வாங்கியிருக்கிறது என்பது அதில் இருக்காது. அங்கே படிக்கிற பையனின் பெயர் வாரியத்துக்குப் போயிருக்கிறதா என்பதற்கும் அதில் பதில் கிடையாது. சான்றிதழ் அசல், கன்டெய்னர் எண் எங்கே என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். லெவல் 4-க்கு 38 லட்சம் சாட். (மற்ற ஊர்க்காரர்கள் கியாட் என்று எழுதுவார்கள், நாங்கள் சாட் என்போம்.) லெவல் 5-க்கு 45 லட்சம். இது போக வாரியத்தில் பதிவு செய்யும் கட்டணம் பவுண்டில் கட்ட வேண்டும் என்று முதல் வருடம் 9 லட்சம், இரண்டாம் வருடம் 12 லட்சம். டாலருக்கு மத்திய வங்கியின் விலை 2,100 சாட்டில் நின்றபடியே இருக்க, வெளியே அது இரண்டு மடங்கைத் தாண்டிப் போனது. பவுண்டும் அப்படித்தான். அதனால் கட்டணம் ஏறியதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஆக மொத்தம் 1 கோடியே 4 லட்சம். அம்மாவின் இரண்டு வளையல் அதில் போனது. எல்லாம் கேபேயில் (போனில் பணம் அனுப்பும் செயலி) அனுப்பினேன், எல்லாவற்றுக்கும் ரசீது வாங்கினேன். ரசீதில் கல்லூரியின் பெயர் இல்லை, ஏதோ ஒரு வியாபார நிறுவனத்தின் பெயர். எதற்கான பணம் என்ற இடத்தில் "சேவைக் கட்டணம்" என்று பர்மியத்தில். வாங்கி ஃபைலில் சொருகினேன். கணக்குப்பிள்ளை செய்கிற வேலையா இது!

வகுப்பு நடந்த லட்சணத்தையும் கொஞ்சம் கேளுங்கள். நகர நடுவில் லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் நான்காவது மாடி. 26 பேருக்கு 12 கம்ப்யூட்டர். கரண்ட் போனால் ஜெனரேட்டர், அதற்கு மாதா மாதம் தனி வசூல். இதையெல்லாம் குற்றம் என்று சொல்ல மாட்டேன், ரங்கூனில் எங்கே போனாலும் கரண்ட் கதை இதுதான். ஆனால் ஜாவா சொல்லிக்கொடுத்த சயா (ஆசிரியர்) இரண்டு மாதத்தில் தாய்லாந்து போய்விட்டார். அவருக்குப் பதில் வந்தவன் அதே கல்லூரியில் ஒரு வருடம் முன்னால் படித்த பையன். திரையில் ஸ்லைடைப் போட்டு வாசிப்பான். அசைன்மென்ட்டைப் பழைய மாணவர்கள் எழுதி 30,000 சாட்டுக்கு விற்றார்கள். வாங்கிக் கொடுத்தவனுக்கு டிஸ்டிங்ஷன், ராத்திரி உட்கார்ந்து தானே எழுதிய என் தம்பிக்கு பாஸ். இதை அவன் அப்போதே சொன்னான். "நீ இன்னும் நல்லா எழுது" என்று நான்தான் அதட்டினேன்.

இன்னொன்றும் அப்போது தெரியவில்லை. நோட்டீஸில் கொட்டை எழுத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ். டிப்ளமோவின் பெயர் கம்ப்யூட்டிங். இரண்டும் ஒன்றுதானே என்று நினைத்தேன். இல்லை. கம்ப்யூட்டிங் டிப்ளமோவில் நெட்வொர்க், டேட்டாபேஸ், பாதுகாப்பு, புரோகிராமிங் என்று வேலைக்கு உதவும் விஷயங்கள் அதிகம். நல்ல படிப்புதான், ஒழுங்காக நடத்தினால். கம்ப்யூட்டர் சயின்ஸ் டிகிரி என்றால் அதோடு டிஸ்க்ரீட் கணிதம், டேட்டா ஸ்ட்ரக்சர், அல்காரிதம், ஆபரேட்டிங் சிஸ்டம், கணினி கட்டமைப்பு எல்லாம் ஆழமாக வர வேண்டும். கணக்கு பிடிக்கும் என்று போன பையனுக்கு இரண்டு வருடத்தில் கணக்கே வரவில்லை.

2025 மார்ச் 28-ம் தேதி மண்டலே, சகாய்ங் பக்கம் பெரிய பூகம்பம். ரங்கூனில் எங்களுக்கு ஆட்டம் மட்டும்தான். ஆனால் லெவல் 5 முடிவுகள் எங்கே என்று கேட்டால் பூகம்பத்தால் தாமதம் என்றார்கள். மதிப்பெண் போக வேண்டியது இங்கிலாந்துக்கு, பூகம்பம் மண்டலேயில். அதையும் நம்பினோம். ஊரே துக்கத்தில் இருக்கும்போது அதட்டிக் கேட்க மனசு வரவில்லை. மே மாதம் வந்ததும், டாப்-அப் பல்கலைக்கழகம் "மாறியிருக்கிறது" என்றார்கள். புதியது எது என்று சொல்லவில்லை. ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் 6.0 வேண்டும் என்பதையும் அன்றுதான் சொன்னார்கள்.

தம்பி இந்த இடத்தில் என்னைவிடப் புத்திசாலியாக நடந்துகொண்டான். டாப்-அப் நடத்தும் வேறொரு பல்கலைக்கழகத்துக்கு நேராக மின்னஞ்சல் போட்டான். வாரியம் கொடுத்த மதிப்பெண் பட்டியலையும் உன் பதிவு எண்ணையும் அனுப்பு என்று பதில் வந்தது. கல்லூரியில் போய்க் கேட்டான். நாலு லோகோ போட்ட ஒரு காகிதத்தை அச்சடித்துக் கொடுத்தார்கள், பதிவு எண் இல்லை. அன்று ராத்திரி நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து வாரியத்துக்கே எழுதினோம். முகவரியை நோட்டீஸிலிருந்து எடுக்கவில்லை, வாரியத்தின் சொந்தத் தளத்திலிருந்து எடுத்தோம். கப்பல் காகிதத்தில் பட்ட அடி சொல்லிக்கொடுத்த பழக்கம் அது, இரண்டு வருடம் தாமதமாக வந்தது.

ஆறாம் நாள் பதில். லெவல் 4-ல் என் தம்பி பெயர் இருக்கிறது. எட்டுப் பாடங்களில் ஐந்துக்கு மட்டும் மதிப்பெண் வந்திருக்கிறது. லெவல் 5-ல் அப்படி ஒரு மாணவர் பதிவாகவே இல்லை.

அம்மா அதைக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அடுப்பில் இருந்த ரசத்தை இறக்கி வைத்தார். தம்பி மொட்டைமாடிக்குப் போனவன் ரொம்ப நேரம் இறங்கி வரவில்லை.

இன்னும் மூன்று பெற்றோரோடு சேர்ந்து கல்லூரிக்குப் போனோம். நம்ம ஆள் அங்கே இல்லை, வேலையை விட்டுவிட்டாராம். மேலாளர் பெண்மணி மரியாதையாகத்தான் பேசினார். 14 நாளுக்குப் பிறகு கட்டணம் திருப்பித் தருவதில்லை என்று ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைக் காட்டினார். அதில் என் கையெழுத்தே இருந்தது. சரி, வகுப்பு நடந்தது, அந்தப் பணத்தை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லும்போதே எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் வாரியப் பதிவுக்கு என்று வாங்கிய 21 லட்சம் எங்கே போனது என்று கேட்டேன். வாரியத்தின் பதிலையும் என் ரசீதுகளையும் மேஜையில் வைத்தேன். ரசீதில் இருப்பது சேவைக் கட்டணம்தானே என்றார். நல்ல வேளையாகப் பணம் அனுப்பும்போதெல்லாம் கேபே குறிப்பில் "வாரியப் பதிவு" என்று நான் எழுதியிருந்தேன். அதைக் காட்டினேன். கூட இருந்த மூன்று பெற்றோரும் தங்கள் போனை எடுத்தார்கள். 7 லட்சமாக மூன்று தவணையில் திருப்பித் தருகிறோம் என்று அன்று சாயங்காலம் எழுதிக் கொடுத்தார்கள். தனியாகப் போயிருந்தால் எனக்கு ஒரு கோப்பை டீதான் கிடைத்திருக்கும்.

பையனையோ பெண்ணையோ இப்படிச் சேர்க்கப் போகிறவர்கள் முதலில் கல்லூரியிடம் மைய எண்ணைக் கேளுங்கள், படிப்பை நடத்த அனுமதி பெற்ற இடத்துக்கு வாரியம் கொடுக்கும் எண் அது. அந்த எண் உண்மைதானா, இந்தப் படிப்பை இந்த லெவலில் நடத்த அனுமதி இருக்கிறதா என்று வாரியத்துக்கே எழுதுங்கள். இலவசம்தான், ஒரு வாரம் ஆகும். அந்த ஒரு வாரத்தில் "சீட் போய்விடும்" என்று யாராவது அவசரப்படுத்தினால் அந்த சீட் போகட்டும். வகுப்பு தொடங்கி இரண்டு மாதத்துக்குள் பிள்ளையின் பதிவு எண்ணைக் கையில் வாங்குங்கள். கல்லூரி கொடுக்கும் அடையாள அட்டை எண் வேறு, இது வேறு. இரண்டாம் வருடம் லெவல் மாறும்போது மறுபடி கேளுங்கள், நாங்கள் கோட்டைவிட்டது அங்கேதான். டாப்-அப் என்று சொன்னால் எந்தப் பல்கலைக்கழகம், டிகிரியில் எந்தப் பெயர் அச்சாகும், கம்ப்யூட்டிங்கா கம்ப்யூட்டர் சயின்ஸா என்று அந்தப் பல்கலைக்கழகத்திடமே எழுதி வாங்குங்கள். இடையில் ஆளே வேண்டாம் என்றால், லண்டன் பல்கலைக்கழகம் 2019 முதல் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸைத் தொலைவழியில் நடத்துகிறது, அதில் மாணவர் பதிவதே பல்கலைக்கழகத்தில்தான். செலவு, இணையம், கரண்ட் எல்லாம் பார்த்து அவரவர் முடிவு செய்ய வேண்டும்.

தம்பி இப்போது ஹார்வர்டின் சிஎஸ்50 என்ற கம்ப்யூட்டர் சயின்ஸ் அறிமுகப் பாடங்களைக் கரண்ட் இருக்கும் நேரத்தில் இறக்கி வைத்துக்கொண்டு, இல்லாத நேரத்தில் பார்க்கிறான். அது டிகிரி இல்லை, இலவசம். நான்காவது வாரத்தில் நினைவகம், ஐந்தில் டேட்டா ஸ்ட்ரக்சர். ஒரு நாள் என் வாடிக்கையாளர் பேரேட்டை எடுத்து வைத்துக்கொண்டு, "அக்கா, இதில் ஒரு பெயரை எப்படித் தேடுவே?" என்றான். நடுவில் திறப்பேன், முன்னாலா பின்னாலா என்று பார்த்து அந்தப் பாதியில் மறுபடி நடுவில் திறப்பேன் என்றேன். "இப்படியே போனா, அகரவரிசையில் பத்து லட்சம் பேர் இருந்தாலும் இருபது தடவை திறந்தால் போதும்" என்று இருபது இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கிக் காட்டினான். இரண்டு வருடமும் ஒரு கோடியும் கொடுத்த இடத்தில் இதை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. லெவல் 4-ல் மீதி மூன்று பாடங்களை வேறொரு மையத்தில் எழுத முடியுமா என்று வாரியத்திடம் கேட்டிருக்கிறான், பதில் வரவில்லை.

கோவிலில் அந்த அம்மாவிடம் போய் மைய எண்ணைக் கேளுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். நம்ம ஆள் என்னைப் பார்த்து, "அக்கா, தம்பி எப்படி இருக்கான்?" என்றார்.

இரண்டு தவணை வந்துவிட்டது. மூன்றாவது வெள்ளிக்கிழமை. ரசீதில் என்ன எழுதுகிறார்கள் என்று இந்த முறை நின்று வாசித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்.