சோஜர்னர் ட்ரூத் பேசியது எது? 1851 வடிவமும் 1863 வடிவமும்

அடிமையாகப் பிறந்து, விடுதலை பெற்றபின் அடிமை ஒழிப்புக்கும் பெண்ணுரிமைக்கும் போராடிய கறுப்பினப் பெண் சோஜர்னர் ட்ரூத். அவர் பெயரைச் சொன்னாலே "நான் பெண் இல்லையா?" என்ற கேள்விதான் பலருக்கும் நினைவுக்கு வரும். 1851 மே மாதம் அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலம் ஆக்ரன் நகரில் நடந்த பெண்ணுரிமை மாநாட்டில் அவர் பேசினார். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்பதால் கேட்டவர்கள் எழுதிவைத்ததுதான் நமக்கு மிச்சம்.

மாநாட்டுச் செயலாளர் மாரியஸ் ராபின்சன் எழுதியது ஒரு மாதத்துக்குள், ஜூன் 21 அன்று, ஓர் அடிமை ஒழிப்புப் பத்திரிகையில் வந்துவிட்டது. மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய பிரான்சஸ் கேஜ் எழுதியதோ 1863 ஏப்ரலில், உள்நாட்டுப் போரின் நடுவே வெளியானது.

அந்தப் புகழ்பெற்ற கேள்வி கேஜின் வடிவத்தில் நான்கு முறை வருகிறது. ராபின்சனிடம் ஒரு முறைகூட இல்லை. அப்படி ஒரு வரி மேடையில் திரும்பத் திரும்ப ஒலித்திருந்தால், செயலாளர் அதை விட்டிருப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை.

மொழி இன்னும் பெரிய சிக்கல். கேஜ் ட்ரூத்தைத் தென்மாநில அடிமைகளின் கொச்சையில் பேசவைக்கிறார். ட்ரூத் பிறந்ததோ வடக்கே, நியூயார்க் மாநிலத்தில். சிறுவயதில் பேசியது டச்சு மொழி. பதின்மூன்று குழந்தைகள் பெற்றதாகவும் கேஜ் எழுதுகிறார், உண்மையில் ஐந்துதான்.

அதற்காகக் கேஜ் எழுதியது முழுக்கக் கற்பனை என்று தள்ளவும் முடியாது. உழுததையும் அறுத்ததையும் சொல்லித் தன் உடல் வலிமையை ட்ரூத் முன்வைப்பது இரண்டிலும் உண்டு. பிள்ளைகள் விற்கப்பட்ட துயரம் கேஜிடம் மட்டுமே இருந்தாலும், ட்ரூத்தின் மகன் பீட்டர் அலபாமாவுக்குச் சட்டவிரோதமாக விற்கப்பட்டதும், நீதிமன்றம் போய் அவனை அவர் மீட்டதும் நடந்தவை.

ராபின்சனும் சொல்லுக்குச் சொல் எழுதவில்லை. உரையின் தாக்கத்தைத் தாளில் கொண்டுவர முடியாது என்று அவரே சொல்கிறார். ஆனால் அடிமை ஒருபக்கம், பெண் மறுபக்கம் நெருக்க, ஆண்மகன் பருந்துக்கும் வல்லூறுக்கும் நடுவே மாட்டிக்கொண்டான் என்ற அருமையான முடிவு அவரிடம்தான் இருக்கிறது. கேஜ் வடிவத்தையே அறிந்தவர்கள் அதை இழக்கிறார்கள்.

1851-இல் ட்ரூத் பேசியது என்று பாடநூலில் போடுவதானால் ராபின்சனைத்தான் போட வேண்டும். கேஜை மேடையில் வாசிக்கலாம், ஆனால் 1863 என்ற ஆண்டையும் எழுதியவர் பெயரையும் சொல்லிவிட்டு. அந்தக் கொச்சை மட்டும் வேண்டவே வேண்டாம்.