கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்: பாதையில் நேர்மை, சுழற்சியில் சலுகை

விண்கலம் கட்டிப் பறக்கவிடும் கணினி விளையாட்டான, 2015-இல் முழுப் பதிப்பாக வந்த கெர்பல் ஸ்பேஸ் புரோகிராமை (முதல் பாகம்) பல வருடங்களாகப் பயன்படுத்துகிறேன். பிளஸ் ஒன் மாணவர்களுக்கு இயற்பியல் சொல்லித் தருவதால், பொழுதுபோக்கைவிடப் பாடத்துக்காகத் திறப்பதுதான் அதிகம்.

வெளியிலிருந்து திருப்பு விசை இல்லாதவரை சுழற்சியின் மொத்த அளவு மாறாது என்னும் கோண உந்த மாறா விதியை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வேறொன்றை நான் பார்த்ததில்லை. விளையாட்டில் வரும் கெர்பின் கோளின் ஆரம் 600 கி.மீ. தாழ்ந்த புள்ளி 100 கி.மீ. உயரத்திலும் உயர்ந்த புள்ளி 800 கி.மீ. உயரத்திலும் இருக்குமாறு சுற்றுப்பாதை அமையுங்கள். மையத்திலிருந்து அளந்தால் 700, 1400. சரியாக இரண்டு மடங்கு. கீழே வினாடிக்கு ஏறத்தாழ 2,590 மீட்டர் காட்டும் வேகம், மேலே போனதும் 1,300-க்கு அருகில் இறங்கிவிடும். தூரமும் வேகமும் பெருக்கிப் பார்த்தால் அதே எண். உயரத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போடும் மாணவருக்கு விடை ஒத்துவராது. ஏன் என்று அவரே தேடிக் கண்டுபிடிப்பார்.

கலத்தை விண்வெளி நிலையத்தோடு இணைக்கும் டாக்கிங் இன்னும் நல்ல ஆசிரியர். கலத்தை நகர்த்தும் சிறு உந்துபொறிகளான த்ரஸ்டர்களை நிறை மையத்தைவிட்டுத் தள்ளிப் பொருத்தினால், பக்கவாட்டில் நகரவேண்டிய கலம் நகரும்போதே திரும்பவும் தொடங்கும். எரிபொருள் தீரத் தீர நிறை மையமும் இடம் மாறுவதால், தரையில் கச்சிதமாகச் சமன்செய்த கலம் நிலையத்துக்கு அருகே போனதும் அடம்பிடிக்கும். திருப்பு விசையைப் பலகையில் எழுதிக் காட்டியபோது தலையாட்டியவர்களுக்கு அது உண்மையில் புரிவது இங்கேதான்.

இனி குறைகள். கோள்கள் விதித்த பாதையில் மட்டுமே ஓடுகின்றன. ஒரு கோளின் அருகே கடந்து அதன் ஈர்ப்பு உதவியால் கலம் வேகம் பெறும். அதற்கு ஈடாகக் கோள் ஒரு துளிகூட உந்தம் இழக்காது. நேரத்தை வேகமாக ஓட்டினால் கலத்தின் சுழற்சி நின்றுவிடும். இவற்றை ஒரு வரியில் விளக்கிவிடலாம்.

எனக்கு உண்மையான வருத்தம் ரியாக்‌ஷன் வீல் விஷயத்தில். கலத்துக்குள் இருக்கும் இந்தச் சக்கரம் ஒரு பக்கம் சுழன்றால் கலம் எதிர்ப்பக்கம் திரும்பும். மொத்தக் கோண உந்தம் மாறாது. வெளியிலிருந்து ஒரே திசையில் திருப்பு விசை வந்துகொண்டே இருந்தால் அதைச் சக்கரம்தான் வாங்கிச் சேர்க்கவேண்டும். ஒரு கட்டத்தில் அது வேக உச்சத்தை எட்டிவிடும். அப்புறம் சேர்ந்ததை வெளியே கொட்டியாகவேண்டும். ஹப்பிள் தொலைநோக்கி பூமியின் காந்தப்புலத்தைப் பயன்படுத்திக் கொட்டுகிறது. சூரியனைச் சுற்றிய கெப்லர் விண்வெளித் தொலைநோக்கிக்கு அந்த வசதி இல்லை, த்ரஸ்டர்தான். விளையாட்டிலோ மின்சாரம் இருக்கும்வரை சக்கரம் சளைக்காமல் திருப்பும்.

அதனால் கெப்லரின் கதையை மாணவர்களுக்கு நான் தனியாகச் சொல்கிறேன். அதன் நான்கு சக்கரங்களில் ஒன்று 2012-இலும் இன்னொன்று 2013-இலும் செயலிழந்தன. துல்லியமாகக் குறிவைக்கக் குறைந்தது மூன்று சக்கரங்கள் தேவை. சூரிய ஒளியின் அழுத்தம் கலத்தின் இருபுறமும் சமமாக விழும்படி அதை நிறுத்தி, மீதி இரண்டு சக்கரங்களோடு 2018 வரை வேலை வாங்கினார்கள். இந்தச் சாதனையின் அருமையை இந்த விளையாட்டால் உணர்த்த முடியாது.

வாங்கலாமா? தாராளமாக. பாகங்கள் நூற்றுக்கணக்கில் சேர்ந்தால் சாதாரண மடிக்கணினி திணறும். பாடத்துக்குச் சிறிய கலங்களே போதும். அடிப்படை பழகியபின் ரியாக்‌ஷன் வீல்களை அணைத்துவிட்டு, த்ரஸ்டர் மட்டும் வைத்து ஒரு டாக்கிங் செய்யச் சொல்லுங்கள். திருப்பத் தொடங்க ஒருமுறை, நிறுத்த இன்னொருமுறை என்று எரிபொருள் செலவாவதைப் பார்த்தபின், கலத்தை எந்தப் பக்கம் திருப்பலாம் என்று அவர்கள் யோசித்துத்தான் முடிவெடுக்கிறார்கள்.