டாங்கோ வகுப்பு: பாடம் முடிந்த பிறகு கிடைக்கும் ஒரு மணி நேரம்

டாங்கோ என்னும் ஜோடி நடனத்தைக் கற்க ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகிறது. இப்போது போகும் இடம் எனக்கு இரண்டாவது. வாரம் ஒரு நாள் முக்கால் மணி நேரம் பாடம், அதைத் தொடர்ந்து ஒரு மணி நேரம் பிராக்டிகா, அதாவது இசை ஓடிக்கொண்டிருக்க அவரவர் இஷ்டப்படி ஆடிப் பழகுவது. மாதக் கடைசியில் மிலோங்கா, ஆடுவதற்கென்றே கூடும் மாலை.

முன்பு போன இடத்தில் ஒன்றரை வருடம் இருந்தேன். வாரா வாரம் ஒரு புது அசைவு. கால் கோக்கும் கான்ச்சோ, காலை வீசும் போலேயோ என்று போய்க்கொண்டே இருக்கும். திருத்தங்களை எழுத ஒரு நோட்டு வைத்திருந்தேன்: கணுக்கால் சேரவில்லை, தோள் இறுகுகிறது, எடை முழுதாக மாறவில்லை. நோட்டு நிரம்பியது. "இன்னும் தயாராகவில்லை, மிலோங்காவுக்குப் போகவேண்டாம்" என்றார்கள்; நானும் போகவில்லை. கற்றுக்கொடுத்தது தரமாகத்தான் இருந்தது. ஆனால் பாட்டைக் கேட்டாலே எண்ணிக்கை மட்டும் மனதில் ஓடும் நிலைக்கு வந்துவிட்டேன்.

இங்கே முதல் நாள் நடக்க மட்டும்தான் சொன்னார்கள். கார்லோஸ் டி சார்லி குழுவின் இசையைப் போட்டு, அதன் நிதானத்துக்கு முன்னும் பின்னும் நடை. பிராக்டிகாவில் ஒரே ஒரு விதி: கேட்காமல் யாரும் யாரையும் திருத்தக்கூடாது. ஆசிரியைக்கும் இதே விதிதான். இந்த ஒரு விதிக்காகவே இங்கே சேரலாம்.

இரண்டாவது மாதமே மிலோங்காவுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே வாயால் கூப்பிடுவதில்லை. தூரத்திலிருந்து கண் பார்த்துத் தலையசைப்பதுதான் அழைப்பு. கபெசெயோ என்பார்கள். எனக்குத் தலையசைத்தவர் முழங்கால் வலியுள்ள ஒரு பெரியவர். ஒரு தாண்டா என்பது பெரும்பாலும் நான்கு பாட்டு. நான்கிலும் அவர் செய்தது நடை, நிறுத்தம், அங்கங்கே எட்டு வடிவில் திரும்பும் ஒரு ஓச்சோ, அவ்வளவுதான். இரண்டாவது பாட்டில் பண்டோனியோன் என்ற துருத்தி வாத்தியம் ஒரு சுரத்தை நீளமாகப் பிடித்தது. அவர் நின்றார், நானும் நின்றேன். அந்தச் சுரம் முடியும்வரை இரண்டு பேரும் அசையவில்லை. ஒன்றரை வருடப் பாடத்தில் எனக்கு ஒரு தடவைகூட அப்படி வாய்க்கவில்லை. தாண்டா முடிந்ததைச் சொல்லும் கோர்த்தினா ஒலித்தபோதுதான் என் கணுக்கால் நினைவுக்கு வந்தது.

அப்புறம் ஒன்று கவனித்தேன். எல்லோரும் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் வரிசையாகச் சுற்றி வருகிறார்கள்; முன்னால் ஒரு ஜோடி, பின்னால் ஒரு ஜோடி. நான் பாடுபட்டுப் பழகிய வீச்சுகளுக்கு அந்த நெரிசலில் இடமே இல்லை. காலை வீசினால் பக்கத்தில் இருப்பவர் மேல்தான் படும். சின்ன அடிகளும் கவனமான அணைப்பும் இருந்தால் இரவு முழுக்க ஆடலாம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் புவெனஸ் ஐரிஸ், மான்டிவிடியோ பக்கத்தில் எளிய மக்கள் சேர்ந்து ஆடி வளர்த்த ஆட்டம் இது. அதை முழுக்கக் கண்ணாடி முன்னால் நின்று கற்கப் பார்த்தேனே என்று இப்போது வருத்தமாக இருக்கிறது.

குறையும் உண்டு. அடியெடுத்தே வைக்காதவர்களுக்கு முக்கால் மணி நேரப் பாடம் போதாது. புக்லியேசே குழுவின் இசையைச் சீக்கிரமே போட்டுவிடுகிறார்கள். அதன் இழுப்பும் இடைவெளியும் புதியவர்களைத் தடுமாற வைக்கும். தாளம் தெளிவாகக் கேட்கும் டாரியென்சோ குழுவின் இசையை இன்னும் சில வாரம் போட்டிருக்கலாம்.

பாடத்தை நான் விட்டுவிடவில்லை. வாரத்துக்கு ஒரே ஒரு கேள்வி ஆசிரியையிடம் கேட்கிறேன், மீதி நேரம் ஆடுகிறேன். மேடையில் ஆட விரும்புகிறவர்களுக்கு இந்த இடம் சரிப்படாது. மற்றவர்கள் தயங்காமல் சேருங்கள். ரப்பர் அடி வைத்த ஷூ வேண்டாம், தரையைப் பிடித்துக்கொண்டு திரும்பும்போது முழங்காலை முறுக்கும். தோல் அடி வைத்ததாக ஒரு ஜோடி எடுத்துப் போங்கள்.