எச்சரிக்கை: ஆசிரியர் படிப்புக்குப் பர்சரி (படிப்பு உதவித்தொகை) வாங்கித் தருகிறேன் என்று வருபவர்கள்

தென்னாப்பிரிக்காவில் டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் மேட்ரிக் (பள்ளி இறுதித் தேர்வு) முடித்துவிட்டு ஆசிரியர் படிப்புக்குப் போகவிருக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் இதைப் பொறுமையாகப் படியுங்கள். டர்பனின் சாட்ஸ்வர்த்தில் ஒரு பெண்ணுக்கு நடந்தது. புகார் காவல் நிலையத்தில் இருப்பதால் ஏஜென்ட் பெயரும் கல்லூரிப் பெயரும் இங்கே வேண்டாம். அவர்கள் போனாலும் இதே வேலையைச் செய்ய வேறு ஆள் வருவான். செய்கிற முறையைத் தெரிந்துகொள்வதுதான் முக்கியம்.

அந்தப் பெண்ணுக்கு மேட்ரிக்கில் பட்டப்படிப்புக்குத் தகுதியான தேர்ச்சி. பல்கலைக்கழகத்தில் பி.எட். இடமும் கிடைத்துவிட்டது. பணம்தான் இல்லை. “டீச்சர் பர்சரி நான் வாங்கித் தருகிறேன்” என்று ஒருவர் வந்தார். விண்ணப்பம் நிரப்ப 950 ரேண்ட். அடையாள அட்டை நகலில் முத்திரை வைக்க ஒரு தாளுக்கு 20 ரேண்ட் தனி.

முதல் பொய் இங்கேயே இருக்கிறது. ஆசிரியர் படிப்புக்கான அரசு உதவி முக்கியமாக இரண்டு வழியில் வருகிறது. ஒன்று ஃபுன்ஸா லுஷாக்கா. 2007இல் தொடங்கிய, இப்போது அடிப்படைக் கல்வித் துறை நடத்தும், ஆசிரியர் ஆகப் போகிறவர்களுக்கு மட்டுமான பர்சரி. இன்னொன்று என்எஸ்ஃபாஸ் என்ற தேசிய மாணவர் நிதி உதவித் திட்டம். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3,50,000 ரேண்டுக்கு மேல் போகாத வீட்டுப் பிள்ளைகளுக்கு, மாற்றுத்திறனாளி என்றால் 6,00,000 வரை. இரண்டுக்கும் விண்ணப்பக் கட்டணம் ஒரு சென்ட்கூட இல்லை. காவல் நிலையத்தில் நகலுக்கு முத்திரை வைப்பதும் இலவசம். அசல் அட்டையையும் நகலையும் கொண்டுபோய் நீட்டினால் போதும்.

ஆனால் அந்த 950 ரேண்ட் சின்ன இழப்பு. பெரிய இழப்பு செல்போன் எண்ணில் நடந்தது.

என்எஸ்ஃபாஸ் கணக்கைத் திறக்கும்போது அடையாள எண்ணோடு ஒரு செல்போன் எண்ணையும் மின்னஞ்சலையும் பதிய வேண்டும். கடவுச்சொல்லை மாற்ற வேண்டும் என்றால் ஒருமுறைக் குறியீடு (ஓடிபி) அந்த எண்ணுக்கு வரும். ஏஜென்ட் அடையாள எண்ணைப் பெண்ணுடையதாகப் போட்டு, செல்போன் எண்ணைத் தன்னுடையதாகப் போட்டுவிட்டார். “மெசேஜ் எல்லாம் ஆபீஸ் நம்பருக்கு வரும்மா, நான் பார்த்துச் சொல்கிறேன்” என்று சொன்னதை அந்த வீட்டில் யாரும் சந்தேகப்படவில்லை. உதவி செய்கிறவர் மாதிரிதானே தெரியும்.

பெற்றோர் வருமானத்தைச் சரிபார்க்க அவர்கள் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம் குறைகிறது, பதிவேற்றுங்கள் என்று செய்தி வந்திருக்கிறது. வந்தது அவர் போனுக்கு. அவர் சொல்லவில்லை. படிவம் போகாததால் விண்ணப்பம் அப்படியே கிடந்து தள்ளுபடி ஆனது. முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம், அதற்குக் கெடு உண்டு. ஆனால் அதையும் அந்தக் கணக்குக்குள் நுழைந்துதான் செய்ய வேண்டும். சாவி அவர் கையில். அவள் தன் சொந்தக் கணக்குக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள்.

இதற்கு நடுவில்தான் வாட்ஸ்அப்பில் அந்தக் கடிதம் வந்தது. மேலே அரசுச் சின்னம். கீழே நீல மையில் ஒரு கையெழுத்து. “4 ஆண்டுக்கும் முழுத் தொகை அனுமதிக்கப்பட்டது. விடுவிப்புக் கட்டணம் 2,400 ரேண்ட் 48 மணி நேரத்துக்குள்.” பணம் போட வேண்டிய கணக்கு ஒரு தனிநபர் பெயரில் உள்ள சேமிப்புக் கணக்கு.

அந்தக் கடிதத்தை உற்றுப் பார்த்தால் மூன்று இடத்தில் பல்லிளிக்கிறது. அரசு உதவி எதுவும் “விடுவிப்பு” என்று மாணவரிடம் காசு கேட்காது. அடுத்தது, டீச்சர் பர்சரியான ஃபுன்ஸா லுஷாக்கா ஓர் ஆண்டுக்குத்தான் தருவார்கள். தேர்ச்சி பெற்று, ஒவ்வோர் ஆண்டும் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். 4 ஆண்டையும் ஒரே கடிதத்தில் யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. மூன்றாவதுதான் பலர் கவனிக்காதது: அந்தக் கடிதத்தில் எங்கேயும் கடமை என்ற பேச்சே இல்லை. உண்மையான ஃபுன்ஸா லுஷாக்கா ஒப்பந்தம் முழுக்கக் கடமையைப் பற்றியதுதான். எத்தனை ஆண்டு உதவி வாங்கினீர்களோ அத்தனை ஆண்டு அரசுப் பள்ளியில் வேலை பார்க்க வேண்டும். எந்தப் பள்ளி என்பதை மாகாணக் கல்வித் துறை சொல்லும். போக மறுத்தால் வாங்கிய தொகை வட்டியோடு கடனாக மாறும். “வீட்டுப் பக்கத்திலேயே போஸ்டிங்” என்று வாக்குக் கொடுக்க எந்த ஏஜென்டாலும் முடியாது. போட்ட இடத்துக்குப் போக மனமில்லை என்றால் அந்தப் பர்சரியை முதலிலேயே வாங்காமல் இருப்பது நல்லது.

2,400 ரேண்ட் வீட்டில் இல்லை. ஆயாவின் (பாட்டியின்) முதியோர் உதவித்தொகை வரும் சாசா (அரசு சமூகப் பாதுகாப்பு அமைப்பு) அட்டையையும் அதன் ரகசிய எண்ணையும் வாங்கி வைத்துக்கொண்டு ஒரு மஷோனிசா, அதாவது உள்ளூர் வட்டிக்காரர், கடன் கொடுத்தார். மாதத்துக்கு நூற்றுக்கு முப்பது வட்டி. மாதம் பிறந்ததும் ஆயாவின் பணத்தை அவரே எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கையில் கொடுப்பார். இது சட்டவிரோதம் என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. 2005ஆம் ஆண்டு தேசியக் கடன் சட்டப்படி கடன் கொடுப்பவர் உங்கள் அடையாள அட்டையையோ வங்கி அட்டையையோ ரகசிய எண்ணையோ வைத்துக்கொள்ளவே கூடாது. 8,000 ரேண்ட் வரையிலான குறுகிய காலக் கடனுக்கு ஓர் ஆண்டின் முதல் கடனில் மாதம் 5 சதவீதம், அடுத்தடுத்து வாங்கினால் 3 சதவீதம்தான் உச்ச வட்டி. அதற்கு மேல் கேட்பவர் மீது தேசியக் கடன் ஒழுங்குமுறை அமைப்பிடம் புகார் தரலாம். அட்டையை உடனே திரும்பக் கேளுங்கள். தரவில்லை என்றால் அட்டையை வழங்கிய வங்கியிடம் சொல்லி அதை முடக்கிப் புது அட்டை வாங்குங்கள்.

பணம் கட்டிய பிறகு ஏஜென்ட் வேறு பாட்டுப் பாடினார். “பல்கலைக்கழகத்தில் பர்சரி இடம் நிரம்பிவிட்டது. எனக்குத் தெரிந்த தனியார் கல்லூரி ஒன்று இருக்கிறது. அதே டீச்சர் படிப்பு, ஒரே வருஷம், அங்கேயே பாதிப் பர்சரி.” பிப்ரவரியில் பல்கலைக்கழகப் பதிவு முடிகிற நேரம் வரை இழுத்தடித்ததே இதற்காகத்தான். பிள்ளை சேர்ந்தால் அவருக்குக் கமிஷன்.

இங்கே ஒரு விஷயம் தெரிந்திருந்தால் அந்தப் பெண் தப்பித்திருப்பாள். என்எஸ்ஃபாஸ் 26 அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும் 50 அரசுத் தொழிற்கல்விக் கல்லூரிகளுக்கும் மட்டும்தான். ஃபுன்ஸா லுஷாக்காவும் அரசுப் பல்கலைக்கழகத்தில் படிப்பவர்களுக்குத்தான். தனியார் கல்லூரியில் உட்கார்ந்துகொண்டு இந்த இரண்டில் எதையும் வாங்க முடியாது. அங்கே “பர்சரி” என்று சொன்னால் அது அந்தக் கல்லூரியின் சொந்தத் தள்ளுபடி, இல்லையென்றால் கடன்.

அந்தப் பெண் கையெழுத்திட்டது கடன். முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் பர்சரி. நான்காம் பக்கத்தில் பொடி எழுத்தில் அவள் “கடன் பெறுபவர்”, அப்பா “ஜாமீன்தாரர்”. இடையில் நின்றால் கொடுத்த தள்ளுபடி முழுவதும் திரும்பக் கட்ட வேண்டும் என்று ஐந்தாம் பக்கம். கையெழுத்துப் போடச் சொன்னபோது கடைசிப் பக்கத்தை மட்டும் நீட்டியிருக்கிறார்கள். எந்தத் தாளானாலும் முழுவதையும் வீட்டுக்குக் கொண்டுவந்து, மறுநாள் கையெழுத்துப் போடுங்கள். மறுநாள் வரை காத்திருக்க மாட்டோம் என்கிற இடத்தில் சேர வேண்டாம்.

அந்தக் கல்லூரியின் கடிதத்தாளில் அடியில் பதிவு எண் ஒன்று இருந்தது. தனியார் நிறுவனங்களுக்கு உயர்கல்வித் துறை தரும் எண்ணின் நடுவில் இரண்டு ஆங்கில எழுத்து வரும். ‘எச் ஈ’ என்றால் உயர்கல்வி. ‘எஃப் ஈ’ என்றால் கல்லூரி நிலைச் சான்றிதழ்கள் மட்டும், பட்டம் தரும் உரிமை கிடையாது. இதில் இருந்தது எஃப் ஈ. எண் போலி இல்லை, உண்மையானதுதான். அதனால்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். பதிவு உண்மை, ஆனால் விற்கிற படிப்புக்கு அது போதாது. அவளுக்குக் கொடுத்தது மழலையர் பராமரிப்புச் சான்றிதழ், படிப்புகளை நிலைவாரியாக அடுக்கும் தேசியத் தகுதிச் சட்டகத்தில் நிலை 4. மேட்ரிக்கும் நிலை 4தான். பள்ளி ஆசிரியர் ஆவதற்கான பி.எட். நிலை 7, 480 கிரெடிட், 4 ஆண்டு. படிப்பின் பெயரையும் எண்ணையும் தகுதிகளைப் பதியும் அரசு அமைப்பான சாக்காவின் இணையதளத்தில் தட்டிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு ஆசிரியர் மன்றமான சேஸிடம் தகுதி பெற்ற பள்ளி ஆசிரியராகப் பதிய முடியாது. அது குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்ய உதவும் நல்ல படிப்புதான், அந்தப் பெயரைச் சொல்லி விற்றால் குற்றமில்லை.

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த குடும்பங்கள் இன்னொன்றில் மாட்டுகின்றன. அங்கே பி.எட். என்றால் டிகிரிக்குப் பிறகு படிப்பது. இங்கே பி.எட். மேட்ரிக் முடித்தவுடன் சேரும் முதல் பட்டம். டிகிரி முடித்தவர்களுக்கு ஓராண்டுப் படிப்பான பி.ஜி.சி.ஈ. இந்தக் குழப்பத்தில் “ஒரு வருஷ பி.எட்.” என்றதும் நம்பிவிடுகிறார்கள். அரசு உதவி குடிமக்களுக்கும், என்எஸ்ஃபாஸ் என்றால் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கும்தான். பெற்றோரின் வேலை விசாவில் இருக்கும் பிள்ளைக்கு “விண்ணப்பம் போட்டிருக்கிறோம் என்று சொன்னாலே போதும்” என்று வாங்கும் பணம் திரும்பி வராது.

பள்ளி உதவியாளர் வேலையையும் இப்படியே விற்கிறார்கள். அது 2020 டிசம்பரில் தொடங்கிய இளைஞர் வேலைத் திட்டம். ஆள் எடுக்கும்போது எஸ்.ஏ.யூத் இணையதளத்தில் இலவசமாக விண்ணப்பிக்கலாம், டேட்டாகூடச் செலவாகாது. சில மாத வேலை, ஆசிரியர் தகுதி அல்ல.

பணம் போய்விட்டதா? முதலில் வங்கியின் மோசடிப் பிரிவுக்குப் போன், அதே நிமிடம். உடனடிப் பரிமாற்றத்தில் போன பணம் சில நிமிடங்களில் எடுக்கப்பட்டுவிடும், காவல் நிலையம் போய்விட்டு வந்து சொல்லலாம் என்று இருக்காதீர்கள். பிறகு காவல் நிலையத்தில் வழக்கு எண். வாட்ஸ்அப் உரையாடலைக் கோபத்தில் அழித்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி. அடையாள அட்டை நகல் அவர்களிடம் இருந்தால் மோசடித் தடுப்பு அமைப்பான எஸ்.ஏ.எஃப்.பி.எஸ்-இல் பாதுகாப்புப் பதிவு செய்யுங்கள், இலவசம். உங்கள் பெயரில் வேறு யாராவது கடன் வாங்க வந்தால் அதைத் தடுக்க உதவும். படிப்பு இடம் இன்னும் இருந்தால் பல்கலைக்கழகத்தின் நிதி உதவி அலுவலகத்துக்கு நேரில் போங்கள். கணக்கில் வேறொருவர் எண் இருக்கிறது என்பதை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள்.

இந்த ஆண்டு யாரையாவது வைத்து விண்ணப்பித்திருந்தால் இன்றைக்கே உங்கள் கணக்குக்குள் நீங்களே நுழைந்து, சுயவிவரப் பக்கத்தில் இருக்கும் செல்போன் எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள். உங்களுடையது இல்லை என்றால் மாற்றக் கேட்டு இன்றே என்எஸ்ஃபாஸுக்கு எழுதுங்கள். மாற்ற நாள் பிடிக்கும், மேல்முறையீட்டுக் கெடு அதற்காகக் காத்திருக்காது.