டெஸ்லா மாடல் 3: ஏழு வருடம் ஓட்டிய பிறகு

2018 டிசம்பர் கடைசி வாரம் வண்டி எடுத்தோம். 31-ஆம் தேதிக்குள் கைக்கு வந்தால்தான் மின்சாரக் காருக்கு அமெரிக்க மத்திய அரசு தரும் வரிச்சலுகை 7,500 டாலர் முழுசாகக் கிடைக்கும் என்பதால் அந்த அவசரம். ஒரு சார்ஜில் அதிக தூரம் போகும் லாங் ரேஞ்ச் மாடல். வீடு கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்டில், வண்டி தயாராகும் தொழிற்சாலையிலிருந்து பத்து நிமிடம். இதுவரை 91,000 மைல் ஓடியிருக்கிறது.

புதிதில் முழு சார்ஜுக்கு 310 மைல் காட்டியது, இப்போது 278. தினசரி 80 சதவீதத்தோடு நிறுத்திவிடுவேன். நீண்ட பயணத்துக்கு முந்தின ராத்திரி மட்டும் 100. பிரேக் பேட் இன்னும் மாற்றவில்லை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே மோட்டார் வேகத்தைக் குறைத்து, அந்த மின்சாரத்தைத் திரும்ப பேட்டரிக்கு அனுப்பிவிடும். செலவு என்றால் டயர்தான். மின்சார வண்டிகள் பொதுவாகக் கனம் என்பதால் சீக்கிரம் தேயும். மூன்றாவது செட் ஓடிக்கொண்டிருக்கிறது. வண்டி எனக்கு இன்னும் பிடிக்கும்.

ஆனால் அன்று நான் வாங்கியது வண்டி மட்டுமில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, ஒன்பது வயது மகள் பின்பக்கம் குனிந்து சைலன்சரைத் தேடினாள். "புகையே வராதாப்பா?" என்றாள். அந்தக் கேள்விக்கு "வராது" என்று சொன்னபோது இருந்த சந்தோஷம் பெரியது. பருவநிலை மாற்றத்தைக் கட்டுப்படுத்தும் பாரிஸ் ஒப்பந்தத்திலிருந்து அமெரிக்கா விலகும் என்று டிரம்ப் அறிவித்ததும், 2017 ஜூனில் அவருடைய ஆலோசனைக் குழுக்களை விட்டு டெஸ்லாவின் தலைவர் எலான் மஸ்க் வெளியேறியிருந்தார். அந்த மனிதர்மேல் வைத்த நம்பிக்கையையும் சேர்த்துத்தான் பணம் கட்டினேன்.

2024 ஜூலை 13-ல் பென்சில்வேனியாவின் பட்லரில், தேர்தல் கூட்டத்தில் டிரம்பைச் சுட்டார்கள். அன்றைக்கே மஸ்க் ஆதரவு அறிவித்தார். அப்புறம் அந்தத் தேர்தலுக்கு 25 கோடி டாலருக்கு மேல் செலவழித்தார். மாறியது அவர் மட்டுமில்லை. 2016-ல் டிரம்பை எதிர்த்து நின்ற ஹிலாரியை ஆதரித்த தொழில்நுட்ப முதலீட்டாளர் மார்க் ஆண்ட்ரீசனும் அதே ஜூலையில் டிரம்ப் பக்கம் வந்தார். காரணத்தை அவர் மறைக்கவும் இல்லை: விற்காத பங்கின் லாபத்துக்கும் வரி என்ற பைடனின் யோசனை, கிரிப்டோ மீதான கெடுபிடி, ஏஐ கட்டுப்பாடுகள்.

2025 ஜனவரி 20, டிரம்பின் பதவியேற்பு. மதுரையிலிருந்து அம்மா போன் பண்ணினார். "சுந்தர் பிச்சை முன்னாடி நிக்கிறாரே பாத்தியா? நம்ம ஊர்ல பொறந்த பிள்ளை!" பார்த்தேன். மஸ்க், அமேசானின் பெஸோஸ், 2021-ல் டிரம்பின் ஃபேஸ்புக் கணக்கை முடக்கிய ஸக்கர்பெர்க், எல்லோரும் நின்றார்கள். அமைச்சர்களாகப் போகிறவர்களுக்கு இடம் அவர்களுக்குப் பின்னால். அம்மாவின் பெருமையைக் கெடுக்க மனசு வரவில்லை. "பாத்தேம்மா" என்று மட்டும் சொன்னேன்.

ஆண்ட்ரீசன் 2023 அக்டோபரில் ஒரு தொழில்நுட்ப நன்னம்பிக்கை அறிக்கை எழுதினார். வளர்ச்சி வேண்டும், மலிவான ஆற்றல் வேண்டும் என்கிற பகுதியைப் படித்தபோது நானும் தலையாட்டினேன். ஆனால் 'எதிரிகள்' என்று ஒரு பட்டியல் போடுகிறார்: ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சி இலக்குகள், தொழில்நுட்ப அறம், ஆபத்து உறுதியாகத் தெரியும் முன்பே கவனமாக இருக்கச் சொல்லும் முன்னெச்சரிக்கைக் கொள்கை. உலகத்தை நீடித்த எரிசக்திக்கு மாற்றுவதுதான் குறிக்கோள் என்று சொன்ன கம்பெனியின் வண்டியை ஓட்டுகிற எனக்கு அது நெருடியது.

கண்டுபிடிப்பவர்களைத் தடுக்காமல் விட்டாலே போதும், மிச்சம் தானாக நடக்கும் என்பது ஆண்ட்ரீசன் போன்றவர்களின் வாதம். என் வாசலில் நிற்கிற வண்டி அப்படி வந்ததில்லை. 2010-ல் அமெரிக்க அரசின் எரிசக்தித் துறை டெஸ்லாவுக்கு 46.5 கோடி டாலர் கடன் கொடுத்தது. 2013-லேயே அதைத் திருப்பி அடைத்துவிட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். புகையில்லா வாகனங்களும் விற்றாக வேண்டும் என்று கலிஃபோர்னியா விதி போட்டதால்தான் மற்ற கார் கம்பெனிகள் டெஸ்லாவிடம் பணம் கொடுத்து, அந்த விதியை ஈடுகட்டும் கிரெடிட் புள்ளிகளை வாங்கின. என்னைப் போன்றவர்களுக்கு 7,500 டாலர் சலுகை. பொறியாளர்களின் உழைப்போடு இத்தனையும் சேர்ந்துதான் இந்த வண்டி. அந்தச் சலுகையை 2025 செப்டம்பர் 30-ஓடு முடித்துவைத்தது, மஸ்க் பணம் கொட்டி ஜெயிக்க வைத்தவர் கையெழுத்துப் போட்ட சட்டம். அதைப் படித்த அன்று எனக்கு உண்மையிலேயே வலித்தது.

2025 வசந்தத்தில் டெஸ்லா ஷோரூம்கள் முன்னால் மஸ்க்கை எதிர்த்து ஆர்ப்பாட்டம் நடந்த சமயம், கடை பார்க்கிங்கில் யாரோ வைப்பருக்கு அடியில் ஒரு துண்டுச்சீட்டைச் செருகியிருந்தார்கள். "வெட்கமாக இல்லையா?" என்று எழுதியிருந்தது. மகளுக்கு இப்போது பதினாறு. "வித்துடலாம்ப்பா" என்றாள். ராத்திரி ஷிஃப்டுக்கு அந்தத் தொழிற்சாலைக்குப் போகிற பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொன்னேன். அவள் யோசித்துவிட்டு, "அவர் செஞ்ச கார்னா வச்சுக்கலாம்" என்றாள்.

விற்கவில்லை. அவள் இதில்தான் ஓட்டப் பழகுகிறாள். சனிக்கிழமை காலைகளில் பக்கத்து சீட்டில் நான் உட்கார்ந்துகொள்கிறேன். சிக்னல் வரும்போது பிரேக்கைத் தொடாமல், காலை மட்டும் மெதுவாக எடுத்து வண்டியைக் கோட்டுக்கு முன்னால் நிறுத்த இப்போதுதான் அவளுக்குக் கைவந்திருக்கிறது.