எட்டு வருடமாக ஒரே லினக்ஸ் மெஷின்: கெர்னல் காப்பாற்றியதும் காப்பாற்ற முடியாததும்

பழைய வண்ணாரப்பேட்டையில் சின்னதாக ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறேன். எம்.சி. ரோட்டுக்குக் கல்யாணத் துணி எடுக்க வருகிறவர்கள் பத்திரிகைக்கும் ஆர்டர் கொடுத்துவிட்டுப் போவார்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஷட்டரைத் தட்டுகிறவர்கள் வேறு. அவர்கள் கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு வருகிறவர்கள். "அண்ணா, காலைல பத்து மணிக்கு எடுக்கிறோம்ணா, விடியறதுக்குள்ள ஒட்டணும்" என்பார்கள். அந்த வேலையை நாளைக்குத் தள்ள முடியாது. அதனால் என் மெஷின் எவ்வளவு வேகம் என்று நான் பெரிதாகக் கவலைப்பட்டதில்லை. விழுந்தால் எப்படி விழுகிறது, எதை இழுத்துக்கொண்டு விழுகிறது என்பதைத்தான் எட்டு வருடமாகக் கவனித்து வருகிறேன்.

2017ல் லினக்ஸின் ஒரு வகையான டெபியன் 9 போட்ட அசெம்பிள் மெஷின் இது. ஐ3 பிராசசர், 4 ஜிபி ராம் ஸ்டிக் இரண்டு. அதையே ஒவ்வொரு வெர்ஷனாக ஏற்றி இப்போது டெபியன் 12ல் நிற்கிறது.

முதல் வருடத்திலேயே ஒரு ராத்திரி படம் திருத்தும் கிம்ப் நிரல் சட்டென்று மறைந்துபோனது. பதறிவிட்டேன். ஆனால் பக்கத்தில் திறந்திருந்த, வரையும் நிரலான இங்க்ஸ்கேப் அப்படியே இருந்தது, பிரின்டர் வரிசை ஓடிக்கொண்டிருந்தது. மெஷின் தானே எழுதும் பதிவேடான லாகைப் பார்த்தால் செக்மென்டேஷன் ஃபால்ட் என்று ஒரே வரி. தனக்கு இல்லாத ராம் முகவரியை அந்த நிரல் தொட்டிருக்கிறது. நிரல்களுக்கு ராமையும் மற்றதையும் பங்கிட்டுக் கொடுக்கும் லினக்ஸின் மையப் பகுதிதான் கெர்னல், அது அந்த நிரலை மட்டும் நிறுத்தியிருக்கிறது.

இது எப்படி நடக்கிறது என்று என் கடைப் பையனுக்கு இப்படித்தான் சொன்னேன். தண்டையார்பேட்டை ஹவுசிங் போர்டில் எல்லா பிளாக்கிலும் 12ஆம் நம்பர் வீடு உண்டு. எந்த பிளாக் என்று தெரிந்தால்தான் கதவு தெரியும். அதேபோல் ஒவ்வொரு நிரலும் தன் முகவரிகளைத் தன் கணக்கில்தான் எண்ணுகிறது. அந்த எண் உண்மையில் ராமில் எங்கே இருக்கிறது என்பதை கெர்னல் எழுதிவைக்கும் பேஜ் டேபிள்தான் சொல்லும். இன்டெல் வகை மெஷின்களில் வழக்கமாக 4 கேபி துண்டு துண்டாக இந்தக் கணக்கு. டேபிளில் இல்லாத எண்ணைக் கேட்டால் பிராசசரே நிறுத்திவிட்டு கெர்னலைக் கூப்பிடும். பக்கத்து நிரலின் ராமைத் தொட வழியே கிடையாது, ஏனென்றால் அதற்கு இந்த நிரலின் டேபிளில் எண்ணே இல்லை. 1985ல் வந்த 386 பிராசசரில் இந்த வசதி வந்தது. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ல் லினக்ஸை எழுதத் தொடங்கியதும் 386 மேல்தான்.

ஃபைலையே நேராக முகவரியாக மேப் செய்வதும் இதே ஏற்பாட்டில் வருவதுதான். பத்து நிரல் ஒரே லைப்ரரியைப் பயன்படுத்தினாலும் அதன் நிரல்வரிகள் ராமில் ஒரே பிரதியாக இருக்கும். 8 ஜிபியில் நான் இத்தனை காலம் ஓட்டியதற்கு அதுவும் ஒரு காரணம். இதில் ஒரு சிக்கலும் உண்டு. ஒருமுறை வாடிக்கையாளர் அவசரத்தில் பென்டிரைவை உருவிவிட்டார். அதிலிருந்து மேப் ஆகியிருந்த படத்தின் மீதித் துண்டுகள் வர வழியில்லாமல் போக, படம் பார்க்கும் நிரல் பஸ் எரர் என்று விழுந்தது. அது மட்டும்தான் விழுந்தது.

ராம் தீர்ந்துபோவது அடுத்த பிரச்சினை. 20க்கு 30 இன்ச் போஸ்டர், இன்ச்சுக்கு 300 புள்ளி (டிபிஐ) என்றால் 5 கோடியே 40 லட்சம் பிக்சல். பிக்சலுக்கு 4 பைட் வைத்தாலே ஒரு லேயருக்கு 216 எம்பி. லேயர்கள் ஏற ஏற, பிரவுசரும் திறந்திருந்தால் கெர்னல் யாரையாவது வெட்டியே ஆகவேண்டும். யாரை வெட்டுவது என்பதை ஓடுகிற ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு மதிப்பெண் போட்டு முடிவு செய்கிறது. இரண்டு தடவை அது என் கிம்ப்பையே வெட்டியது. சரி, பெரிய ஆளைத்தான் பிடிக்கும் என்று புரிந்த பிறகு, பிரவுசருக்கு மட்டும் அந்த மதிப்பெண்ணை 600 கூட்டி வைத்தேன். கூட்டுவதற்கு அட்மின் அனுமதி வேண்டாம், குறைப்பதற்குத்தான் வேண்டும். அன்றிலிருந்து முதலில் போவது பிரவுசர்தான். எட்டு வருடத்தில் நான் செய்த மாற்றங்களில் மிகவும் பலன் தந்தது இது.

கெர்னலே விழுந்த கதையும் உண்டு. 2019ல் ஒரு மலிவான யூஎஸ்பி வைஃபை டாங்கிள் வாங்கி, அதை இயக்கும் டிரைவர் நிரல் ஒன்றை வெளியிலிருந்து சேர்த்தேன். வாரம் ஒருமுறை மெஷின் மொத்தமாக உறைந்தது. டிரைவர் கெர்னலுக்கு உள்ளேயே ஓடுகிறது, அங்கே நிரலுக்கு நிரல் இருக்கும் அந்தச் சுவர் கிடையாது. விழுந்த காரணத்தைப் பிடிக்க கேடம்ப் என்ற ஏற்பாட்டைப் போட்டேன். அதற்கென்று கொஞ்சம் ராமை முன்கூட்டியே ஒதுக்கி, அதில் இரண்டாவது கெர்னல் ஒன்று தயாராகக் காத்திருக்கும். முதல் கெர்னல் விழுந்ததும் இது எழுந்து, விழுந்ததன் நினைவகத்தை ஃபைலாக எழுதிவிட்டு ரீபூட் செய்யும். அடுத்த வாரமே ஒரு டம்ப் கிடைத்தது. கடைசியாக ஓடிய ஃபங்ஷன்கள் எல்லாம் அந்த டிரைவருடையவை, கெர்னலில் வெளியிலிருந்து என்ன கலந்திருக்கிறது என்று காட்டும் டெய்ன்டட் வரியில் வெளி மாட்யூலைக் குறிக்கும் 'ஓ' எழுத்தும் இருந்தது. டாங்கிளைக் கழற்றிவிட்டு லேன் ஒயர் இழுத்தேன். அதன் பிறகு அந்த உறைதல் வரவில்லை.

நிரல் ஒன்று கெர்னலின் ராமைப் படிக்க வழிவிடும் மெல்ட்டவுன் என்ற பிராசசர் ஓட்டை 2018 ஜனவரியில் வெளிவந்தபோது கெர்னலின் பேஜ் டேபிளையும் நிரலின் பேஜ் டேபிளையும் பிரித்து வைத்தார்கள். சின்னச் சின்ன ஃபைல்கள் ஆயிரக்கணக்கில் காப்பி ஆகும்போது வேகம் கொஞ்சம் குறைந்தது தெரிந்தது. போஸ்டர் வேலையில் தெரியவில்லை.

இனி, என்னை உண்மையிலேயே வருத்திய விஷயம். 2021 ஏப்ரலில் ஒரு நாள் கிம்ப், ஒரு நாள் பிரவுசர், ஒரு நாள் அப்டேட் செய்யும் நிரல் என்று மாறி மாறி விழ ஆரம்பித்தன. ஒரே நிரல் விழுந்தால் அதில் பிழை. எல்லாம் விழுந்தால்? ஒரே ஜிப் ஃபைலை இரண்டு தடவை பிரித்தேன். ஒரு தடவை சரி என்றது, ஒரு தடவை சரிபார்ப்பு எண் பொருந்தவில்லை (சிஆர்சி பிழை) என்றது. அப்போதே வயிறு கலங்கியது. ராத்திரி முழுக்க, ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓட்டினேன். ஒரு முகவரியைச் சுற்றி மட்டும் சிவப்புச் சிவப்பாக வரிகள்.

மே மாதம் முழு ஊரடங்கு. ரிச்சி தெரு அடைத்திருந்தது, மெஷினை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். அப்போது கைகொடுத்தது, கெர்னல் தொடங்கும்போது அதற்குக் கொடுக்கும் மெம்மேப் என்ற அளவுரு. அளவும் தொடக்க முகவரியும் கொடுத்து நடுவில் டாலர் குறி போட்டால், அந்தத் துண்டை யாருக்கும் கொடுக்காமல் ஒதுக்கிவிடும். கெர்னலை ஏற்றிவிடும் க்ரப் நிரலின் ஃபைலில் டாலருக்கு முன் பின்சாய்கோடுகள் போடாவிட்டால் அது வழியிலேயே காணாமல் போய்விடும், எனக்கு ஒரு மணி நேரம் அதில் போனது. கெட்ட இடத்தைச் சுற்றி 1 எம்பி ஒதுக்கினேன். 8 ஜிபியில் 1 எம்பி போனால் என்ன? ஊரடங்கு முடிந்து ஸ்டிக் மாற்றும் வரை ஒரு நிரல்கூட விழவில்லை.

ஆனால் அதற்கு முன்பே நடந்த சேதத்தை எதனாலும் திருப்ப முடியவில்லை. டிஸ்கிலிருந்து படிப்பதும் டிஸ்குக்குப் போவதும் ராம் வழியாகத்தான். அங்கே ஒரு பிட் (0 அல்லது 1) புரண்டால் கெர்னலுக்குத் தெரியாது; புரண்டதையே பத்திரமாக எழுதிவைக்கும். நினைவஞ்சலி போஸ்டருக்காக மறுவருடம் ஒரு அக்கா வந்தார். முந்தைய வருடம் அவர் கொடுத்த அம்மா படத்தின் ஸ்கேனைத் திறந்தேன். நெற்றிக்குக் கீழே பாதி முகம் நிறம் மாறி நகர்ந்து கிடந்தது. அசல் ஃபோட்டோ எங்கே அக்கா என்றேன். வீடு மாறும்போது தொலைந்துவிட்டது என்றார். அவர் வீட்டில் மடித்து வைத்திருந்த பழைய போஸ்டரை ஸ்கேன் செய்து, அச்சுப் புள்ளிகளை முடிந்தவரை குறைத்துக் கொடுத்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

மின்சாரம் போவதைப் பற்றியும் கேட்பார்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வேலைக்கு நடுவே கரண்ட் போனது, பிறகு பல நாள் வரவில்லை. வந்ததும், டிஸ்கில் ஃபைல்களை அடுக்கிவைக்கும் ஃபைல் சிஸ்டமான ஈஎக்ஸ்டி4, மாற்றங்களைக் குறித்துவைக்கும் தன் ஜர்னலைப் படித்துச் சில நொடியில் எழுந்துவிட்டது. சேமிக்காமல் இருந்த ஒரு பத்திரிகை மட்டும் போனது. ஜர்னல் ஃபைல் சிஸ்டத்தின் கட்டமைப்பைத்தான் காக்கும், நாம் சேமிக்காததை அல்ல.

இப்போது எந்தப் படம் வந்தாலும் ஸ்கேன் ஆனவுடன், ஃபைல் மாறினால் காட்டிக்கொடுக்கும் செக்சம் எண்ணை எடுத்து, இரண்டு டிஸ்கில் வைத்துவிடுகிறேன். 64 பிட்டுக்கு 8 பிட் கூடுதலாக வைத்து, ஒரு பிட் புரண்டால் தானே திருத்தும் ஈசிசி ராம்தான் அடுத்த மெஷினில் இருக்கும், அதற்குப் பணம் சேர்க்கிறேன். அதுவரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஞாயிறு ராத்திரி மெம்டெஸ்ட்டை ஓடவிட்டு ஷட்டரை இறக்குகிறேன். போன தடவை காலையில் வந்து பார்த்தபோது பிழை பூஜ்ஜியம்.