தேர்தல் ஆணையத்தின் பிரமாணப் பத்திரத் தளம்: காக்கியைக் கழற்றிவிட்டு வந்த வேட்பாளரிடம் எடுபடுமா?

காவல்துறையில் உச்சிக்குப் போய், ஊழல் புகாரோடு கட்சிக்கு வந்து சீட்டும் வாங்கியவரை எடைபோட வாக்காளருக்குச் சுலபமாகக் கிடைக்கும் ஆவணம் படிவம் 26, அதாவது வேட்புமனுவோடு தரும் பிரமாணப் பத்திரம். மனு தாக்கலான 24 மணி நேரத்துக்குள் அதைத் தளத்தில் ஏற்ற வேண்டும் என்பது ஆணையத்தின் விதி. வேகத்தில் குறை சொல்ல முடியாது. குறை உள்ளே இருக்கிறது.

தேர்தல், மாநிலம், தொகுதியைத் தேர்ந்தெடுத்தால் வேட்பாளர் பட்டியல் வரும். ஒருவர் 4 செட் வரை மனு போடலாம் என்பதால் பெயருக்கு எதிரே உள்ள எல்லா பிடிஎஃப்களையும் இறக்குங்கள். ஒரு செட்டில் விட்டது இன்னொன்றில் இருக்கலாம். பெரும்பாலும் ஸ்கேன் படங்கள்தான், உள்ளே சொல் தேட முடியாது. சர்வே எண்ணின் மேலேயே நோட்டரி முத்திரை விழுந்திருந்தால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படிக்க வேண்டியதுதான். ஆணையத்தின் கேஒய்சி (உங்கள் வேட்பாளரை அறியுங்கள்) செயலி வழக்கு உண்டா இல்லையா என்று சட்டென்று காட்டும், அதோடு நின்றுவிடாதீர்கள்.

வழக்குப் பத்தியில் எஃப்ஐஆர் எண், காவல் நிலையம், நீதிமன்றம், பிரிவு, குற்றச்சாட்டு வனையப்பட்டதா என்பதெல்லாம் இருக்க வேண்டும். ஊழல் புகாருக்கு உள்ளானவர் இங்கே 'இல்லை' என்று எழுதினால் அது பொய்யாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. லஞ்ச ஒழிப்புத் துறையின் முதற்கட்ட விசாரணையில் எஃப்ஐஆர் இருக்காது. அலுவல் முடிவு சார்ந்த புகார் என்றால், ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018இல் சேர்த்த 17ஏ பிரிவின்படி அரசின் முன்அனுமதி வரும்வரை விசாரணையே தொடங்காது. துறைரீதியான குற்றச்சாட்டுக் குறிப்பாணைக்குப் படிவத்தில் இடமே இல்லை. ஊழலுக்காக டிஸ்மிஸ் ஆனவர் 5 ஆண்டு போட்டியிட முடியாது. விருப்ப ஓய்வில் போனவருக்கு அந்தத் தடை கிடையாது. கெட்டிக்கார அதிகாரி எந்த வாசல் வழியாக வெளியேறுவார் என்று சொல்ல வேண்டியதில்லை.

சொத்துப் பத்திதான் இந்தத் தளத்தின் உருப்படியான பகுதி. ஒவ்வொரு அசையாச் சொத்துக்கும் சர்வே எண், பரப்பு, பரம்பரைச் சொத்தா, வாங்கிய தேதி, வாங்கிய விலை, கட்டடச் செலவு, இன்றைய மதிப்பு என்று கேட்கிறார்கள். 2019 முதல் 5 ஆண்டு வருமான வரிக் கணக்கும் உண்டு. அந்த 5 ஆண்டுகளில் வாங்கியவற்றின் விலையைக் கூட்டி, வருமானத்தோடு வைத்துப் பாருங்கள். மாநிலக் காவல் தலைவரின் அடிப்படைச் சம்பளமே மாதம் 2,25,000 ரூபாய்தான், ஆண்டுக்கு 27 லட்சம். படிகளைச் சேர்த்தாலும் ஒரு எல்லை உண்டு.

தமிழ்நாட்டு நிலம் என்றால் சர்வே எண்ணைப் பதிவுத்துறைத் தளத்தில் போட்டு வில்லங்கம் பாருங்கள். வாங்கியது என்று எழுதியிருப்பது அங்கே தானசெட்டில்மெண்டாக வந்தால், எழுதிக்கொடுத்தவர் யார், அவருக்கு அந்தச் சொத்து எந்த ஆண்டு வந்தது என்று பின்னோக்கிப் போக வேண்டும். பெரிய ஓட்டை இன்னொன்று: வேட்பாளர், துணைவர், கூட்டுக்குடும்பம், சார்ந்திருப்போர் ஆகியோருக்கு மட்டுமே பத்தி. சம்பாதிக்கும் மகன், மைத்துனர் பெயரில் எத்தனை ஏக்கர் இருந்தாலும் படிவம் கேட்காது.

ஐபிஎஸ் அதிகாரி பணியில் இருந்தபோது ஆண்டுதோறும் ஜனவரி 31க்குள் அசையாச் சொத்து அறிக்கை கொடுத்திருப்பார். அது கைக்குக் கிடைத்தால் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதுதான் சரியான சோதனை. மாநிலப் பணியில் இருந்து வந்தவர் என்றால் சிரமம். தனிநபர் தகவல் என்று தகவல் உரிமை மனுவைத் தள்ளிவிடுவார்கள்; 2012இன் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அதற்கு வசதி செய்து தந்திருக்கிறது.

இரண்டாம் முறை நிற்பவருக்கு தேர்தல் சீர்திருத்தத்துக்காக இயங்கும் ஏடிஆர் அமைப்பின் மைநேத்தா தளம் வசதி. இரு தேர்தல்களின் சொத்தையும் ஒப்பிட்டுக் காட்டும். ஆணையத் தளத்தில் அதை நாமேதான் செய்ய வேண்டும்.

5க்கு 3 தருவேன். பொய்த் தகவலைக் கண்டுபிடித்து ஆட்சேபம் கொடுத்தாலும் தேர்தல் அலுவலர் பொய் என்ற காரணத்துக்காக மனுவைத் தள்ள மாட்டார், ஆட்சேபத்தையும் தளத்தில் ஏற்றுவதோடு சரி. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 125ஏ பிரிவில் 6 மாதம் வரை சிறை உண்டு, ஆனால் பெரும்பாலும் குற்றவியல் நடுவர் முன் நீங்களே புகார் கொடுக்க வேண்டும். ஜெயித்துவிட்டார் என்றால் முடிவு வந்த 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு. 46ஆம் நாள் போனால் எடுக்க மாட்டார்கள்.